கழுத்துவலி, இடுப்புவலி: 21 நாள் சிகிச்சையில் தீருமா?

கேள்வி: எனக்கு வயது 49. திருப்பூரில் பனியன் கம்பெனியில் 22 ஆண்டுகளாகப் பவர் டேபிள் டெய்லராக வேலை செய்கிறேன். ஆறு ஆண்டுகளாகக் கழுத்துவலி. வலது தோள்பட்டை வரை இறங்குகிறது. நான்கு ஆண்டுகளாக இடுப்புவலி. இப்போது இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரை இழுக்கிறது. கழுத்தில் சி5–சி6, இடுப்பில் எல்4–எல்5 ஆகிய இடங்களில் ஜவ்வு பிதுங்கியிருப்பதாக ஸ்கேனில் எழுதியிருக்கிறார்கள். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதமாக, ஊருக்கு வந்துபோகும் வைத்தியர் ஒருவர் தரும் ஆயுர்வேதப் பொடியைச் சாப்பிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் வலி நின்றுவிடுகிறது. ஆனால் சாப்பாடு மாறாமலேயே சர்க்கரை ஏறியிருக்கிறது. முகம் சதை போட்டிருப்பதாகவும் சொல்கிறார்கள். கேரளத்தில் 21 நாள் தங்கி எண்ணெய்ச் சிகிச்சை செய்தால் முழுதாகத் தீர்ந்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போகலாமா? ஆபரேஷன் வரை போகுமா? கழுத்துப்பட்டையும் இடுப்புப் பெல்ட்டும் நாள் முழுக்க அணிய வேண்டுமா? ஒன்றரை வயதுப் பேத்தியைத் தூக்கவே பயமாக இருக்கிறது.
ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் முதலாவது கேரளச் சிகிச்சையைப் பற்றியது. ஆனால் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்தப் பொடியைப் பற்றித்தான் நான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கான வலியை ஒரு மணி நேரத்தில் நிறுத்தும் மூலிகைப் பொடி எதையும் நான் படித்த நூல்களிலும் கண்டதில்லை, நோயாளிகளிடமும் கண்டதில்லை. எங்கள் ஆயுர்வேதக் கஷாயங்களும், குக்குலு என்ற மரப்பிசின் சேர்ந்த மாத்திரைகளும் நாட்கணக்கில், பல நேரம் வாரக்கணக்கில், மெல்லத்தான் வேலை செய்யும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வலி நிற்கிறது, சாப்பாடு மாறாமலேயே சர்க்கரை ஏறுகிறது, முகம் உப்புகிறது என்ற மூன்றும் சேர்ந்து வரும்போது, பொடியில் ஸ்டீராய்டு மாத்திரை அரைத்துக் கலக்கப்பட்டிருக்குமோ என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவார். சோதித்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், என் சந்தேகம் வலுவானது.

இதைப் படித்தவுடன் பொடியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டீராய்டு வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், சிறுநீரகத்தின் மேலே அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டுவிடும். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், கடும் சோர்வு, ரத்த அழுத்தம் இறங்குதல் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். உங்கள் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் இந்த வாரமே பொட்டலத்துடன் போய், எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அதுவரை மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி அந்தப் பொடியோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள். ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளும் சேர்ந்தால் வயிற்றில் புண் உண்டாகி ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது.

நான் சார்ந்த மருத்துவத்தின் பெயரைச் சொல்லி இப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. இனி எந்த ஆயுர்வேத மருந்தை வாங்கினாலும், தயாரித்த நிறுவனத்தின் பெயர், உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்ந்துள்ள பொருட்கள் ஆகிய விவரங்கள் உறையில் அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் காகிதத்தில் மடித்துத் தருவதை வாங்காதீர்கள். இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்து அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது. எங்களை நம்பி வருகிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு.

அடுத்து, உங்கள் வலி எண்ணெய்ச் சிகிச்சைக்குரிய வலிதானா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கழுத்தில் கிழி, அதாவது மருந்துச் சரக்குகளைத் துணியில் கட்டிக் கொடுக்கும் ஒத்தடம், வைத்துக்கொள்ள என்னிடம் வந்தார். பரிசோதனைக்காகச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். மேல் பொத்தானைப் பிடித்த அவருடைய விரல்கள் அதைத் துளையிலிருந்து எடுக்க முடியாமல் நழுவிக்கொண்டே இருந்தன. இரண்டாவது பொத்தானுக்குப் போகுமுன் அவர் மனைவி எழுந்து வந்து கழற்றிவிட்டார். தினமும் வீட்டில் இப்படித்தான் என்றார். நடக்கச் சொன்னபோது கால்கள் விறைத்து, தரையைத் தேடித் தேடி வைத்தார். கழுத்தில் தண்டுவடமே நெருக்கப்படுகிறது என்பதற்கான அறிகுறிகள் அவை. அவருக்கு அன்று எண்ணெய் வைக்கவில்லை; நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். உங்களுக்கும் ஊசியில் நூல் கோப்பது, ஜாக்கெட் கொக்கி மாட்டுவது போன்ற வேலைகளில் கை தடுமாறுகிறதா, கழுத்தைக் குனிந்தால் முதுகு வழியாக மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதா, நடையில் தள்ளாட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இடுப்பைப் பொறுத்தவரை, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலும், உட்காரும் இடத்தில் மரத்துப்போனாலும், பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலும் அன்றைய தினமே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி, கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவையும் முதலில் நவீன மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை என்பதால் மேலே தொடர்கிறேன்.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து நீங்கள் பயந்திருப்பது தெரிகிறது. வலியே இல்லாத 3,000க்கும் மேற்பட்டவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. அதில் 40 வயதினரில் பாதிப் பேருக்கும், 50 வயதினரில் பத்தில் ஆறு பேருக்கும் டிஸ்க் பிதுக்கம், அதாவது நீங்கள் சொல்லும் ஜவ்வுப் பிதுக்கம், இருந்தது. ஆகவே தலைநரையைப் போல அதுவும் வயதோடு வருகிற மாற்றமாக இருக்கலாம். படத்தில் தெரியும் இடமும், வலி ஓடும் பாதையும், கை கால்களைப் பரிசோதித்தபோது கண்டதும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அந்தப் பிதுக்கத்தை வலிக்குக் காரணமாகச் சொல்ல முடியும். உங்கள் கால்வலி அப்படிப் பொருந்தக்கூடும். பொருந்தினாலும், டிஸ்க் பிதுக்கத்தால் வரும் கால்வலி பெரும்பாலானவர்களுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலேயே தணிகிறது. காலின் பலம் குறைந்துகொண்டே போனாலோ, மேலே சொன்ன அபாயக் குறிகள் வந்தாலோ, முறையாகச் சில மாதம் வைத்தியம் பார்த்தும் தாங்க முடியாத கால்வலி நீடித்தாலோதான் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டும். அப்போது அதைத் தள்ளிப்போடவும் கூடாது.

இனி ஆயுர்வேதம் உங்கள் நோயை எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன். பிட்டத்தில் தொடங்கி, இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் என்று வரிசையாக இறங்கும் வலியை, பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை கிருத்ரஸி என்கிறது. கிருத்ரம் என்றால் கழுகு. வலியால் கழுகைப் போல நடப்பதால் அந்தப் பெயர் வந்ததாக விளக்குவார்கள். கழுத்துப் பிடிப்புக்கு மன்யாஸ்தம்பம் என்று பெயர். அது எதனால் வருகிறது என்று, மற்றொரு பழைய ஆயுர்வேத நூலாசிரியரான சுசுருதர் சொல்லும் காரணங்கள் மூன்று: பகல் தூக்கம், முறையற்று உட்கார்வதும் நிற்பதும், அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருப்பது. இவற்றால் கபம் வாதத்தை மூடிக்கொள்ள, கழுத்து இறுகுகிறது. நீங்கள் அண்ணாந்து பார்க்கவில்லை, ஊசிமுனையைக் குனிந்து பார்க்கிறீர்கள். ஆனாலும் முறையற்ற இருக்கை என்ற காரணம் உங்களுக்கு அப்படியே பொருந்துகிறது.

இந்த விளக்கத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கழுத்தும் இடுப்பும் இரண்டுமே வலிதானே, இரண்டிலும் எண்ணெயைத் தேய்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கபம் மூடிய வாதத்துக்கு ஆரம்பத்திலேயே எண்ணெயைக் கொட்டினால் பாரமும் மந்தமும் கூடும். அதனால்தான் சுசுருதர் கழுத்துப் பிடிப்புக்கு எண்ணெய் சேராத உலர் ஒத்தடத்தையும், மூக்கில் மருந்து விடும் நஸ்யத்தையும் சிறப்பாகச் சொல்கிறார். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உடல் இறுகிக் கிடக்கிறவருக்கும், மூட்டுகள் வீங்குகிறவருக்கும் எண்ணெய் பல சமயம் நோயைக் கூட்டிவிடும். அது வேறு நோய், வேறு வழி. இதைப் பிரித்தறிய நேரில் நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, பசியையும் மலத்தையும் பற்றி விசாரிக்க வேண்டும். கடிதத்தைப் படித்து மருந்து எழுதித் தர நான் தயங்குவதும் இதனால்தான்.

வாதத்தின் இருப்பிடங்களை அஷ்டாங்க ஹிருதயம் பட்டியலிடுகிறது: பக்வாசயம் எனப்படும் பெருங்குடல், இடுப்பு, தொடை, காது, எலும்பு, தோல். இவற்றில் பெருங்குடலே தலைமையிடம். ஆகவே இடுப்புவலிக்கு இடுப்பின் மேல் செய்வதைவிட, ஆசனவாய் வழியே மருந்தைக் குடலுக்குள் செலுத்தும் வஸ்தி சிகிச்சைக்கு எங்கள் நூல்கள் முதலிடம் தருகின்றன. வெளிச்சிகிச்சைகள் அதற்குத் துணை. எருக்கு, ஆமணக்கு, நொச்சி, புளி, முருங்கை இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் இந்துப்பும் சேர்த்து எண்ணெயில் வதக்கிக் கட்டுவது இலைக்கிழி. கொள்ளு முதலிய சரக்குகளின் பொடியை வறுத்துக் கட்டுவது பொடிக்கிழி. நவரை அரிசியைக் குறுந்தொட்டி வேர்க் கஷாயத்திலும் பாலிலும் வேகவைத்துக் கட்டும் நவரக்கிழி, தசை மெலிந்தவர்களுக்கானது. விளம்பரத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக அதை முதல் நாளிலேயே கேட்டு வாங்க வேண்டியதில்லை.

கடிவஸ்தியைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார். உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்து, நான்கு விரல் உயரத்துக்கு வளையமாக்கி, குப்புறப் படுத்தவரின் இடுப்பில் ஒட்டுவார்கள். வளையத்தின் அடியை ஈர விரலால் தடவித் தடவி அடைத்த பிறகு, சூடான எண்ணெயைக் கொஞ்சமாக ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வளையத்தை நிரப்பி, ஆற ஆறப் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பாத்திரத்தில் பிழிந்து, மறுபடி சூடாக்கி ஊற்றுவார்கள். இப்படி அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நடக்கும். ஒவ்வொரு முறையும் சிகிச்சையாளர் தன் விரலை எண்ணெயில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். உங்களுக்கு இது மிக முக்கியம். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். சிகிச்சையாளரிடம் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எண்ணெயின் சூட்டில் இடுப்புத் தசை இளகி, எழுந்து நிற்கும்போது பல நாளாக இல்லாத ஒரு லேசு தெரியும். பிதுங்கிய டிஸ்க் அதனால் உள்ளே போய்விடுவதில்லை. இறுகியிருந்த தசை விட்டுக்கொடுப்பதால் நீங்கள் அசைய முடிகிறது. அசைய முடிவதுதான் இந்தச் சிகிச்சை தரும் பெரிய வரவு.

சரி, 21 நாள் கேரளம் போகலாமா? கேரள வைத்தியர்களின் கைத்திறனில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எண்ணெய் காய்ச்சுவதையும் கிழி பிடிப்பதையும் தலைமுறைகளாகக் காப்பாற்றி வந்தவர்கள் அவர்கள். ஆனால் சரக சம்ஹிதையின் சித்தி ஸ்தானம் என்ற பகுதியில் ஒரு விதி இருக்கிறது. வஸ்தி முதலிய சிகிச்சை எத்தனை நாள் நடந்ததோ, அதைப்போல் இரண்டு மடங்கு நாட்கள் பரிகார காலம், அதாவது பத்தியமாக இருக்க வேண்டிய காலம். 21 நாளும் அத்தகைய சிகிச்சை நடந்தால், பத்தியம் 42 நாள். அந்த நாட்களில் விலக்க வேண்டியவை என்று வரும் பட்டியலில் முதலில் நிற்கும் சொல் ‘அதி ஆசனம்’, அளவுக்கு மீறி உட்கார்ந்திருப்பது. அதன்பின் நெடுநேரம் நிற்பது, அதிகம் பேசுவது, வண்டிப் பயணம், பகல் தூக்கம், சிறுநீர் மலத்தை அடக்குவது, குளிர்ச்சி, வெயில், துக்கம், கோபம், வேளை தவறிய உணவு என்று அது நீள்கிறது.

இப்போது உங்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். 21 நாள் கூலியை இழந்து, கடன் வாங்கிச் சிகிச்சை முடித்து, இரவுப் பேருந்தில் குலுங்கிக்கொண்டு திரும்பி, மறுநாள் காலை எட்டரை மணிக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தால், நூல் விலக்கச் சொன்ன முதல் காரியத்தையே செய்கிறீர்கள். மூன்று மாதத்தில் பழைய வலி திரும்பிவிட்டது, ஆயுர்வேதம் பலிக்கவில்லை என்று என்னிடம் வருத்தத்தோடு சொல்கிறவர்கள் பெரும்பாலும் இப்படிச் சிகிச்சைக்கு மறுநாளே பழைய இருக்கைக்குத் திரும்பியவர்கள்தான். குறை அவர்களுடையது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த இருமடங்கு நாட்களைப் பற்றி வாய்விட்டுச் சொல்லாத எங்களுடையது அது.

அதே சித்தி ஸ்தானத்தில், உங்களைப் போன்றவர்களை நினைத்தே சொன்னதுபோல் இன்னொரு சிகிச்சையும் இருக்கிறது. அதன் பெயர் மாத்ரா வஸ்தி. வேலையாலும், சுமையாலும், நடையாலும், பயணத்தாலும் தேய்ந்து மெலிந்தவர்களுக்கு அது எப்போதும் ஏற்றது என்றும், உணவிலும் நடமாட்டத்திலும் கடுமையான கட்டுப்பாடு அதற்குத் தேவையில்லை என்றும் சரகர் சொல்கிறார். மருந்தெண்ணெயைச் சிறிய அளவில், பெரும்பாலும் 60 மி.லி. அளவுக்கு, வெதுவெதுப்பாக்கி உணவுக்குப் பின் ஆசனவாய் வழியே செலுத்துவார்கள்; கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். என்னைக் கேட்டால், உங்கள் ஊரிலோ கோயம்புத்தூரிலோ தகுதி பெற்ற ஆயுர்வேத மருத்துவர் ஒருவரிடம் வாரக்கணக்கில் போய்வந்து செய்துகொள்ளக்கூடிய மாத்ரா வஸ்தியையும், கழுத்துக்கு உலர் ஒத்தடத்தையும் முதலில் தொடங்குவேன். தீபாவளிக்குக் கம்பெனி மூடும் நாட்களில் எட்டு நாள் ஒதுக்கி, பொடிக்கிழியோ இலைக்கிழியோ செய்து, கழுத்துக்கு நஸ்யமும் சேர்த்துக்கொள்ளலாம். எட்டு வஸ்திகள் கொண்ட யோக வஸ்தி என்ற முறையே நூலில் உண்டு. இந்தத் திட்டத்தைத் தாங்க உங்கள் வீட்டாலும் முடியும், உடம்பாலும் முடியும்.

எதுவானாலும் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகே தொடங்க வேண்டும். நீரிழிவு நோயாளிகளை வியர்வைச் சிகிச்சைக்கு ஆகாதவர்களின் பட்டியலில் சரகர் சேர்த்திருக்கிறார். இடத்தளவில் மிதமான ஒத்தடம் கொடுப்பதற்கே மருத்துவரின் கவனிப்பு வேண்டும். ஆகவே மருத்துவர் சொல்லும்படி பொடியைக் குறைத்து நிறுத்துவதும், சர்க்கரையை இறக்குவதும் உங்கள் இடுப்புச் சிகிச்சையின் முதல் படிகள்தான்.

உள்மருந்துகளைப் பொறுத்தவரை, ராஸ்னாஸப்தகம், சஹசராதி போன்ற கஷாயங்களையும், த்ரயோதசாங்க குக்குலு, யோகராஜ குக்குலு போன்ற மாத்திரைகளையும் உங்களைப் போன்றவர்களுக்கு எழுதுவது வழக்கம். அவற்றில் எது உங்களுக்கு என்பதை நேரில் பார்க்கிறவர் சொல்லட்டும். நான் சொல்ல விரும்புவது மூன்று எச்சரிக்கைகள். குக்குலுவும் அசுவகந்தாவும் தைராய்டு சுரப்பின் அளவை மாற்றக்கூடும். அவற்றைத் தொடங்கினால் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தைராய்டு அளவை மறுபடி பாருங்கள். இரண்டாவது, தைராய்டு மாத்திரையும் கஷாயமும் இரண்டுமே காலையில் வெறும் வயிற்றில் என்று எழுதியிருப்பார்கள். மாத்திரையை முதலில் விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துக் கஷாயத்தைக் குடியுங்கள். மூன்றாவது, அரிஷ்டங்களில் வெல்லமும் இயற்கையாக ஊறிய ஆல்கஹாலும் இருக்கின்றன. லேகியங்களில் வெல்லமோ கற்கண்டோ இருக்கும். உங்களுக்கு அவை வேண்டாம். சர்க்கரை மாத்திரையையோ தைராய்டு மாத்திரையையோ, ஆயுர்வேதம் தொடங்கிவிட்டோம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்க வேண்டும். வேலை நேரத்தில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கப் போகிறீர்கள்? பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் பெண்களில் பலர், கழிப்பறைக்குப் போகும் நேரத்தை மிச்சம் பிடிக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அடக்கக் கூடாத வேகங்கள், அதாவது உடலின் இயற்கை உந்துதல்கள், என்று 13 வேகங்களைச் சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம் என்ற பகுதி சொல்கிறது. சிறுநீரும் மலமும் அவற்றில் முதன்மையானவை. மலத்தை அடக்குகிறவருக்கு வரும் துன்பங்களில் கெண்டைக்கால் பிடிப்பையும் அது சேர்த்திருக்கிறது. தண்ணீர் பாட்டிலை மிஷின் பக்கத்தில் வையுங்கள். வேகம் வந்தால் எழுந்து போங்கள். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் இடுப்பில் என்ன ஊற்றினாலும் பலன் குறைவுதான். இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்து, தயிரைப் பகலோடு நிறுத்தி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொள்ளு ரசம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பீஸ் ரேட்டில் தைக்கும் உங்களிடம், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள் என்று சொல்வது எளிது. எழும் ஒவ்வொரு நிமிடமும் உங்களுக்குக் கூலி என்பதை நான் அறிவேன். ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். கைமடிக்கு, அதாவது உதவிக்கு, நிற்கும் பெண் உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து வைக்கும் பண்டலை, இனி நீங்களே எழுந்து போய் எடுத்து வாருங்கள். எழுவதற்கு முன் இடுப்பின் இரு பக்கமும் கைகளை வைத்து, மூன்று முறை மெல்லப் பின்னால் சாயுங்கள். ஸ்டூல் உயரம், முழங்கால்கள் இடுப்பைவிட மேலே போகாத அளவுக்கு இருக்கட்டும். மிதிபலகையை எட்டிப் பிடிக்க முன்னால் சரிந்து உட்கார வேண்டியிருந்தால், ஸ்டூலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கு மேலே இருக்கும் விளக்கு மங்கலாக இருந்தால் கழுத்து தானாகவே இன்னும் குனியும். மேற்பார்வையாளரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். கண்ணாடியின் பவரையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

கழுத்துப்பட்டையைக் கடும் வலி உள்ள சில நாட்களுக்கு மட்டும், அதுவும் பயணத்தின்போது அணிந்தால் போதும். மாதக்கணக்கில் அணிந்தால், தலையைத் தாங்க வேண்டிய தசைகள் மெலிந்து, பட்டை இல்லாமல் இருக்க முடியாத நிலை வந்துவிடும். இடுப்புப் பெல்ட்டையும் அப்படித்தான் கொள்ள வேண்டும். நாள்பட்ட இடுப்புவலிக்கு அதை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அதே வழிகாட்டுதல் உடற்பயிற்சியை முன்வைக்கிறது. காலையில் 20 நிமிட நடை, இரவில் படுக்குமுன் தாடையை உள்ளிழுத்துப் பின்கழுத்தை நீட்டும் பயிற்சி பத்து முறை, உள்ளங்கையால் நெற்றியை அழுத்தித் தலை நகராமல் எதிர்த்துப் பிடிக்கும் பயிற்சி ஐந்து முறை என்று தொடங்குங்கள். கால்வலி கீழே இறங்கினால் செய்வதை நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள். கழுத்தைச் சுற்றிச் சுழற்றுவது, சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவை உங்களுக்கு ஆகா. கழுத்தைப் பிடித்துத் திருகி நெட்டி முறிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அதில் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. வீட்டில் ஒத்தடம் கொடுக்க, ஒரு கைப்பிடி கொள்ளையும் ஒரு கைப்பிடி கல்லுப்பையும் வறுத்துத் துணியில் முடிந்து, முன்கையின் உட்புறத்தில் வேறொருவர் சூடு பார்த்த பிறகு, கழுத்திலும் தோளிலும் பத்து நிமிடம் வைக்கலாம்.

முழுதாகத் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயுர்வேதம் நோய்களைத் தீரக்கூடியவை, தாங்கிப் பிடிக்கக்கூடியவை, தீராதவை என்று பிரிக்கிறது. நடுவில் உள்ளதற்கு யாப்யம் என்று பெயர். சரிய இருக்கும் வீட்டுக்குச் சரியான இடத்தில் கொடுத்த முட்டு எப்படி அதை நிறுத்தி வைக்கிறதோ, அப்படி முறையான வைத்தியம் யாப்ய நோயாளியைத் தாங்குகிறது என்கிறார் சுசுருதர். ஆறு ஆண்டு பழகிய உங்கள் நோயை நான் அந்த வகையில் வைக்கிறேன். கால்வலி அடங்கி, கழுத்து திருப்ப வந்து, வலி மாத்திரை இல்லாமல் வேலை செய்யும் நிலையை எதிர்பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வலி எட்டிப்பார்க்கவும் செய்யும். ஒரே முறையில் ஆயுளுக்கும் தீர்த்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

பேத்தியை நீங்கள் தாராளமாகத் தூக்கலாம். நின்றுகொண்டு, இடுப்பை மடக்கிக் குனிந்து தரையிலிருந்து அள்ளுவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிடுங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை தானே மடியேறும். நெஞ்சோடு சேர்த்து அணைத்தபடி, கால்களை ஊன்றி எழுந்திருங்கள். இடது இடுப்பில் இடுக்கிக்கொள்ளாமல், நடுநெஞ்சில் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொள்ளுங்கள். கால்வலி குறையும் வரை அவளைத் தூக்கிக்கொண்டு படியேறுவதை வீட்டில் மற்றவர்களுக்கு விட்டுவிடலாம்.